பழைய வண்டியா, புது வண்டியா? டிராக்டர் கேள்வி பதில்

டிராக்டர் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரு வரிதான் போட்டோம், வந்து குவிஞ்சதுல முக்கால்வாசி ஒரே சண்டைதான், பழசு நல்லதா புதுசு நல்லதான்னு. ஒரே மாதிரி வந்த கேள்விகளை சேர்த்து ஒண்ணாக்கி பதில் சொல்லியிருக்கேன், உங்க கேள்வி அப்படியே வரலைன்னா கோவிச்சுக்காதீங்க, பதில் உள்ள எங்கயாவது இருக்கும்.

கேள்வி: அண்ணே, எங்க அப்பா வச்சிருந்த 35 எச்.பி. வண்டி கலப்பையை இறக்கினா அசராம இழுக்கும். நான் இப்ப வாங்கியிருக்க 45 எச்.பி. புது வண்டி அதே கலப்பைக்கு வீல் நின்ன இடத்துலயே சுத்துது. எச்.பி. நம்பரை ஏத்தி போட்டு ஏமாத்துறாங்களா?

பதில்: ஏமாத்தல தம்பி. ஆனா இந்த சந்தேகம் நூறு வருஷ பழசு. அமெரிக்காவுல கம்பெனிக்காரங்க இஷ்டத்துக்கு பவர் நம்பர் சொல்லி வித்ததாலதான் நெப்ராஸ்காவுல 1919-ல சட்டமே போட்டாங்க, டெஸ்ட்ல நிரூபிச்சாதான் அந்த மாநிலத்துல டிராக்டர் விக்கலாம்னு, 1920-ல ஆரம்பிச்ச அந்த டெஸ்ட் இன்னிக்கும் நடக்குது. அந்த காலத்துல வண்டி பேர்லயே ரெண்டு நம்பர் இருக்கும், மெக்கார்மிக் டீரிங் 10-20, 15-30 அப்படின்னு, முதல் நம்பர் மண்ணுல இழுக்குற பவர், ரெண்டாவது பெல்ட் மாட்டி மெஷின் ஓட்டுற பவர். பாத்தீங்களா, இழுவைன்னு வந்தா பாதிதான் வருதுன்னு அவங்களே பேர்ல எழுதி வச்சிருந்தாங்க. இப்ப பானெட்ல ஒட்டியிருக்கறது பெரும்பாலும் இன்ஜின் எச்.பி., பி.டி.ஓ.ல (பின்னாடி மாட்டுற மெஷினை சுத்துற தண்டு) அளந்தா அதைவிட கம்மி, மண்ணுல இன்னும் கம்மி.

இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். மண்ணை பிடிச்சு தள்ளுறது இன்ஜின் இல்ல, பின் டயர். பின் வீல் மேல எவ்வளவு வெயிட் உக்காந்திருக்கோ அதுல ஏறக்குறைய பாதிக்குதான் உழவு நிலத்துல பிடிப்பு கிடைக்கும். பின்னாடி 1,400 கிலோ இருந்தா 700 கிலோ இழுவைன்னு வச்சுக்கோங்க, அதை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல இழுக்க எவ்வளவு பவர் வேணும்னு கணக்கு போட்டா 13 எச்.பி. தான் வருது! மீதி பவரை நீங்க என்ன பண்ணினாலும் அந்த வெயிட்டுல, அந்த வேகத்துல மண்ணுக்குள்ள இறக்க முடியாது, வீல் சுத்தி டயர்தான் தேயும். அப்பா வண்டியில ரெண்டு பக்கமும் வார்ப்பு இரும்பு வீல் வெயிட் போட்டிருந்தாங்களா, டயர்ல தண்ணி ஏத்தியிருந்தாங்களான்னு ஞாபகப்படுத்தி பாருங்க. உங்க புது வண்டி ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே வெறும் வெயிட்ல ஓடிட்டு இருக்கும்.

பழைய வண்டி மெதுவா சுத்துற பெரிய இன்ஜின், அதனால டார்க் (சுழற்றுற விசை) ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றது பாதி சரி. ஜெர்மனியில 1921-ல வந்த லான்ஸ் புல்டாக் ஒத்தை சிலிண்டர், 6.2 லிட்டர், பவர் வெறும் 12 எச்.பி., நிமிஷத்துக்கு 420 சுத்துதான், காதுல கேக்கும்போதே யானை மாதிரி இருக்கும். ஆனா கியர்பாக்ஸ்னு ஒண்ணு நடுவுல இருக்குல்ல, அது கணக்கை சமன் பண்ணிடும், ஒரே எச்.பி., ஒரே தரை வேகம்னா வீலுக்கு வர்ற இழுவை ரெண்டு வண்டியிலயும் ஒண்ணுதான். சொல்லப்போனா லோடு ஏறி ஆர்.பி.எம். விழும்போது டார்க் எவ்வளவு ஏறுதுங்கறதுல இன்னிக்கு எலக்ட்ரானிக் பம்ப் வண்டிங்கதான் முன்னாடி.

ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. பின் டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு, கலப்பையை தூக்கிட்டு வயல்ல வீல் 10 சுத்து சுத்துற தூரத்தை அளந்துக்கோங்க, அப்புறம் கலப்பையை இறக்கி உழுதுகிட்டே அதே 10 சுத்து. முதல்ல 40 மீட்டர், ரெண்டாவது 34 மீட்டர் வந்தா ஸ்லிப், அதாவது வீல் வழுக்கல், 15 சதவீதம். 8-லேந்து 15-க்குள்ள இருந்தா சரி, அதுக்கு மேல போனா வெயிட் ஏத்துங்க, இல்ல டயர் காத்தை கம்பெனி சார்ட்ல சொன்ன அளவுக்கு குறைங்க, 8-க்கும் கீழ இருந்தா தேவையில்லாம வெயிட்டை சுமந்துட்டு டீசல் ஊத்துறீங்கன்னு அர்த்தம். இதை செஞ்சு பாத்துட்டு அப்புறம் கம்பெனிக்காரன திட்டலாம்.

கேள்வி: பழைய வண்டியில லிஃப்ட்டுக்கு ரெண்டு லிவர். ஒண்ணு தூக்க இறக்க. இன்னொண்ணை நாங்க தொட்டதே இல்ல. புது வண்டியில டயல் திருப்பினா போதும்ங்கறாங்க. அந்த ரெண்டாவது லிவர் எதுக்கு சார்?

பதில்: ஐயோ, டிராக்டர்லயே விலை மதிப்பான லிவரை தொடாம விட்டுட்டீங்களே. அதுதான் டிராஃப்ட் கண்ட்ரோல்.

இதோட கதை கொஞ்சம் பெருசு, பரவாயில்ல சொல்லிடறேன், ஏன்னா பழைய வண்டிக்கும் அதுக்கும் முந்தின வண்டிக்கும் நடுவுல நிஜமான கோடு இங்கதான் இருக்கு. 1917-ல ஃபோர்டு கம்பெனி ஃபோர்ட்சன்னு ஒரு வண்டியை வரிசையா தயாரிச்சு தள்ளினாங்க, விலை மலிவு, லேசான வண்டி, ஆனா கலப்பையை சங்கிலி மாதிரி பின்னாடி கட்டி இழுக்கறதுதான், கலப்பை கல்லுல மாட்டிக்கிச்சுன்னா முன் வீல் மேல எழும்பி வண்டி அப்படியே மல்லாக்க விழுந்து ஓட்டுறவர் மேலயே கவிழும், நிறைய பேர் செத்தாங்க. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் இதை பாத்துட்டு கலப்பையையும் வண்டியையும் ஒரே உடம்பா ஆக்கணும்னு முடிவு பண்ணி, கீழ ரெண்டு ஆர்ம், மேல ஒரு டாப் லிங்க், ஹைட்ராலிக் லிஃப்ட்னு ஒரு ஏற்பாட்டை உருவாக்கி 1920-கள்ல பேடன்ட் வாங்கினாரு. கலப்பைக்கு பாரம் கூடினா டாப் லிங்க் முன்னாடி தள்ளும், அந்த தள்ளு ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி ஹைட்ராலிக் வால்வை திறக்கும், கலப்பை ஒரு விரல்கடை மேல வரும், பாரம் குறைஞ்சதும் திரும்ப இறங்கும். இதுல ரெண்டு லாபம். கலப்பையோட எடை, மண்ணு கீழ இழுக்குற இழுப்பு ரெண்டும் பின் டயர் மேல ஏறி உக்காரும், அதனால லேசான வண்டியும் வழுக்காம இழுக்கும். டாப் லிங்க் முன்னாடி தள்ளிட்டே இருக்கறதால முன் பக்கம் தூக்கறதும் குறையும். முதல் கேள்வி கேட்ட தம்பியும் இதை படிக்கணும், உழவுல பின் வீலுக்கு வேண்டிய வெயிட்ல கொஞ்சத்தை கலப்பையே கொடுக்கும்.

1938-ல ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் கை குலுக்கி வாய் வார்த்தையா ஒப்பந்தம் போட்டு 1939-ல ஃபோர்டு 9என் வந்துச்சு. அப்புறம் ஃபோர்டு பேரன் காலத்துல அந்த ஒப்பந்தம் முறிஞ்சு கேஸாகி 1952-ல 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடிச்சாங்க. எழுதி வாங்காத ஒப்பந்தத்துக்கு அது பெரிய தொகைதான். நடுவுல 1946-லேந்து 56 வரைக்கும் ஃபெர்குசன் டி.இ.20 மட்டும் 5 லட்சத்துக்கு மேல ஓடிச்சு. எவரெஸ்ட் ஏறின எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ம் தேதி தென் துருவத்துல போய் இறங்கினது இந்த குட்டி ஃபெர்குசன்லதான், வீலுக்கு மேல டிராக் பெல்ட் மாட்டி.

புது வண்டியில இருக்கறதும் அதே வேலைதான், ஸ்பிரிங்குக்கு பதிலா கீழ் ஆர்ம் பின்ல சென்சார், லிவருக்கு பதிலா டயல். சென்சார் வேகமா துல்லியமா வேலை செய்யும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்க பழைய வண்டியிலயும் ரொட்டவேட்டர், விதைக்குற மெஷின்னா பொசிஷன் லிவர் (அந்த தூக்க இறக்க லிவர்தான்), கலப்பை, கல்டிவேட்டர்னா டிராஃப்ட் லிவர்னு மாத்தி ஓட்டி பாருங்க, மண்ணு ஒரே மாதிரி இல்லாத வயல்ல வித்தியாசம் இருக்கைலயே தெரியும்.

கேள்வி: அந்த காலத்து வண்டி இரும்பு, இந்த காலத்து வண்டி தகரம். ஒத்துக்குறீங்களா இல்லையா?

பதில்: பானெட், மட்கார்டை பொறுத்தவரைக்கும் ஒத்துக்கறேன்.

மத்தபடி, இன்னிக்கு ரோட்டுல போற அம்பது வருஷத்து வண்டியை பாத்துட்டு அந்த காலத்து வண்டி எல்லாமே அப்படித்தான்னு சொல்லக்கூடாது, கூட பொறந்ததுல முக்காவாசி எப்பவோ பழைய இரும்பு கடைக்கு போயாச்சு, நல்லா பாத்துக்கிட்டதும் நல்ல வார்ப்புல வந்ததும்தான் மிஞ்சி நிக்குது. ஜான் டீர் 4020 (1963-லேந்து 72 வரைக்கும் வந்தது), மாசி ஃபெர்குசன் 135 இதெல்லாம் இன்னும் ஓடுதுன்னா அதுக்கு காரணம் இரும்பு மட்டும் இல்ல. 135-ல இருந்த பெர்கின்ஸ் இன்ஜின், மூணு சிலிண்டர், 152 கன அங்குலம், அதே இன்ஜினை உலகம் பூரா எத்தனையோ வண்டியில மெஷின்ல போட்டதால லைனர், பிஸ்டன், கேஸ்கெட் இன்னிக்கும் புதுசா கிடைக்குது. எந்த வண்டி சாகாதுன்னா பார்ட்ஸ் சாகாத வண்டி. இதே காலத்துல இதைவிட கெட்டியா வந்த எத்தனையோ வண்டி ஒரே ஒரு கியர் கிடைக்காம கொட்டகையில நிக்குது.

கேள்வி: வருஷத்துக்கு ஒரு 150 மணி நேரம்தான் எனக்கு வேலை. பேங்க் லோன் போட்டு புதுசு எடுக்கறதா, பழசு ஒண்ணு பாக்கறதா? நேரா சொல்லுங்க.

பதில்: நேராவே சொல்றேன், 150 மணி நேரத்துக்கு நல்ல பழைய வண்டி. வருஷத்துக்கு 600, 800 மணி நேரம் ஓட்டுறவங்க, வாடகைக்கு ஓட்டுறவங்கன்னா புதுசு. இப்படி மணி நேரத்தை வச்சுத்தான் நான் முடிவு பண்ணுவேன், பழசு புதுசுங்கறதை வச்சு இல்ல. 800 மணி நேரம் ஓட்டுறவருக்கு டீசல் மிச்சம், காது மிச்சம், முதுகு மிச்சம், சீசன்ல வண்டி நிக்காம ஓடுறதோட மதிப்பு எல்லாம் சேர்ந்து தவணையை தூக்கி சாப்பிட்டுடும். 150 மணி நேரக்காரருக்கு வண்டி வருஷத்துல முக்காவாசி நாள் சும்மா நிக்கும், வட்டி மட்டும் நிக்காது. சும்மா நிக்கறது புது வண்டிக்கு ஆகவும் ஆகாது, பேட்டரி இறங்கும், எலி வயரிங்கை கடிக்கும், ஆட்ப்ளூ (புகையை சுத்தம் பண்ண ஊத்துற யூரியா தண்ணி) டேங்க்ல யூரியா உப்பு மாதிரி படியும்.

ஒரே ஒரு நிபந்தனை. பழசு வாங்கறதுன்னா நீங்களோ உங்களுக்கு தெரிஞ்ச ஒரு நல்ல மெக்கானிக்கோ பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவங்களா இருக்கணும். அது இல்லாம பழசு வாங்கினா மலிவே இல்ல.

கேள்வி: புது வண்டி எடுத்து ஒரு வருஷம் ஆகுது. திடீர்னு மஞ்சள் லைட் எரியுது, அப்புறம் பிக்கப்பே இல்ல, கழுதை மாதிரி நகருது. மெக்கானிக் டி.பி.எஃப். பிரச்சனைங்கறாரு. அதை கழட்டி எறிஞ்சுட்டா சரியாயிடும்னு பக்கத்து வயல் அண்ணன் சொல்றாரு. செய்யலாமா?

பதில்: செய்யாதீங்க. பல நாட்டுல அது சட்டப்படி குத்தம், வாரண்டி போயிடும், விக்கும்போது விலையும் போயிடும். அதை விட முக்கியம், அங்க பிரச்சனை டி.பி.எஃப். இல்ல, வண்டியை ஓட்டுற விதம்.

டி.பி.எஃப்.னா சைலன்சர் வழியில உக்காந்து கரியை பிடிச்சு வைக்குற வடிகட்டி. பிடிச்ச கரியை அப்பப்ப எரிச்சாகணும், அதுக்கு கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேணும். லோடுல ஓடினா புகையோட சூட்டுலயே பாதி எரிஞ்சுடும், மீதியை வண்டி தானா டீசல் அடிச்சு எரிச்சுக்கும், அதுக்கு பேருதான் ரீஜெனரேஷன். நாம என்ன பண்றோம், பழைய வண்டி பழக்கத்துல டீ குடிக்க போகும்போது ஐடில்ல விட்டுட்டு போறோம், பேசிட்டு வர்ற வரைக்கும் கரி சேருது, அப்புறம் ரீஜெனரேஷன் ஆரம்பிச்ச நேரம் பாத்து சாவியை திருப்பி ஆஃப் பண்றோம். இப்படி நாலு தடவை பாதியில நிறுத்தினா கரி அடைச்சுக்கும், கம்ப்யூட்டர் பவரை குறைச்சுடும். கழுதை மாதிரி நகர்றதுக்கு காரணம் அதுதான், இன்ஜினை காப்பாத்தத்தான் அப்படி பண்ணுது. லைட் எரிஞ்சதும் மேனுவல்ல சொன்ன மாதிரி வைக்கோல், காஞ்ச புல்லு இல்லாத இடத்துல நிறுத்தி பார்க்டு ரீஜென் பண்ணுங்க, முடியற வரைக்கும் தொடாதீங்க. இன்ஜின் ஆயிலும் டி.பி.எஃப். வண்டிக்குன்னு சாம்பல் கம்மியா வர்ற ஆயில்தான் ஊத்தணும், பழைய வண்டிக்கு வாங்கினது மிச்சம் இருக்குன்னு இதுல ஊத்தினா அந்த சாம்பலை எந்த ரீஜெனரேஷனும் எரிக்காது.

ஆட்ப்ளூ வேற விஷயம், 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தமான தண்ணி அது, நைட்ரஜன் ஆக்சைடை குறைக்க. உர யூரியாவை கரைச்சு ஊத்தலாமேன்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், பம்பும் கேட்டலிஸ்டும் சேர்ந்து போகும்.

இதெல்லாம் எதுக்குடா தலைவலின்னு தோணும், நியாயம்தான். ஆனா கட்டுப்பாடே இல்லாத காலத்து இன்ஜினோட ஒப்பிட்டா கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு, அந்த புகையை முதல்ல சுவாசிச்சது வண்டி மேல உக்காந்திருந்த நாமதான். இந்த தலைவலி வேண்டவே வேண்டாம்னா 25 எச்.பி.க்கு கீழ இருக்க சின்ன வண்டிகள்ல பெரும்பாலும் டி.பி.எஃப். இல்லாமலே வருது, வேலை அதுக்குள்ள அடங்குமான்னு பாருங்க.

கேள்வி: வணக்கம் சார். எங்க வீட்டுக்காரர் பழைய வண்டி ஒண்ணு வச்சிருக்கார், அதுல கவிழ்ந்தா ஆளை காப்பாத்துற கம்பியே மேல கிடையாது. புது வண்டியில இருந்த கம்பியையும் மரக்கிளை இடிக்குதுன்னு கழட்டி வச்சுட்டார். எனக்கு பயமா இருக்கு, சொன்னா சிரிக்கிறார்.

பதில்: அம்மா, நீங்க பயப்படறது நூத்துக்கு நூறு சரி. இந்த பகுதியை அவர்கிட்ட படிச்சு காட்டுங்க.

டிராக்டர் பின்பக்கமா கவிழும்போது திரும்ப மீள முடியாத கோணத்தை தாண்ட ஒரு செகண்ட் கூட ஆகாது, முக்கால் செகண்ட்ல முடிஞ்சுடும். கிளட்சை மிதிக்கணும்னு மூளைக்கு உறைக்கறதுக்குள்ள வண்டி மேல விழுந்துடும். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் இந்த கணக்கு மாறாது. ஸ்வீடன்ல 1959-லயே புது டிராக்டர் எல்லாத்துலயும் கவிழ்ந்தா தாங்குற கம்பி கட்டாயம்னு சட்டம் போட்டாங்க, அதுக்கப்புறம் அங்க வண்டி கவிழ்ந்து சாகறது படிப்படியா குறைஞ்சு கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. பழைய வண்டி புது வண்டி ஒப்பீட்டுல என்னை கேட்டா எச்.பி., கியர், ஜி.பி.எஸ். எல்லாத்தையும் விட பெரிய முன்னேற்றம் இந்த கம்பிதான், கூடவே சீட் பெல்ட்.

மரக்கிளை இடிக்குதுன்னா மடக்குற கம்பி கிடைக்குது, மரத்தடியில மடக்கிட்டு வெளிய வந்ததும் நிமித்திடணும். கம்பி நிமிந்திருக்கும்போது பெல்ட் போடணும், கம்பி இல்லாத வண்டியில, மடக்கின நேரத்துல பெல்ட் போடக்கூடாது, இது ரொம்ப முக்கியம். பழைய வண்டிக்கு அந்த மாடலுக்குன்னு டெஸ்ட் பண்ணின கம்பி விக்கறாங்களான்னு கம்பெனியில விசாரிங்க, வெல்டிங் பட்டறையில பைப்பை வளைச்சு போட்டுக்கறது வேண்டாம், விழும்போது அது மடங்கும். அப்புறம் எதையாவது இழுக்கறதுன்னா டிராபார்ல (பின்னாடி தாழ்வா இருக்க இழுவை கம்பி) மட்டும் மாட்ட சொல்லுங்க, டாப் லிங்க் பின்ல சங்கிலி மாட்டி மரக்கட்டை இழுக்கறது தற்கொலை.

கேள்வி: பழைய ஃபோர்டு வண்டியில பின்னாடி புல் வெட்டுற மெஷின் போட்டிருக்கேன். கிளட்சை மிதிச்சாலும் வண்டி நிக்காம முன்னாடி தள்ளிட்டு போகுது. கிளட்ச் போச்சா?

பதில்: கிளட்ச் நல்லா இருக்கும். ஃபோர்டு 8என் மாதிரி பழைய வண்டியில பி.டி.ஓ. கியர்பாக்ஸ் வழியா ஓடுது, கிளட்சை மிதிச்சா இன்ஜின்தான் பிரியும், சுத்திட்டு இருக்க கனமான பிளேடு பி.டி.ஓ. வழியா கியர்பாக்ஸை திருப்பி ஓட்டி வீலை தள்ளும். வேலி ஓரத்துல, வாய்க்கா ஓரத்துல இது ஆளை கொல்லும். பி.டி.ஓ. ஷாஃப்ட்ல ஓவர்ரன்னிங் கிளட்ச்னு ஒரு சின்ன உருப்படி மாட்டணும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், மறுபக்கம் சும்மா சுத்தும், பிரச்சனை தீர்ந்துச்சு. பின்னால வந்த டபுள் கிளட்ச் வண்டி, தனி பி.டி.ஓ. வண்டியில இந்த தொல்லை இல்ல. எந்த வண்டியா இருந்தாலும் 540 ஆர்.பி.எம்.னா செகண்டுக்கு 9 சுத்து, ஷாஃப்ட் மேல கவர் இல்லாம ஓட்டாதீங்க, வேட்டி, துண்டு, துப்பட்டா மாட்டினா இழுத்துக்க அந்த ஒரு செகண்டே போதும்.

கேள்வி: டீசல் எது கம்மியா குடிக்கும்? என் பழைய வண்டி மணிக்கு 4 லிட்டர்தான். புதுசு 6 லிட்டர்ங்கறாங்க. அப்ப பழசுதானே லாபம்?

பதில்: மணிக்கு எவ்வளவுன்னு பாக்காதீங்க, ஒரு ஏக்கருக்கு எவ்வளவுன்னு பாருங்க. 6 லிட்டர் குடிக்கிற வண்டி அதே மணி நேரத்துல ரெண்டு மடங்கு உழுதா எது லாபம்? நல்ல டீசல் இன்ஜின் பழசோ புதுசோ ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 200-லேந்து 250 கிராம் வரைக்கும் டீசல் எடுக்கும், தேஞ்சு போன நாசில், பம்ப் டைமிங் தவறின இன்ஜின் அதுக்கு மேல போகும், அந்த கூடுதல்தான் கருப்பு புகையா வெளிய வருது. பழசுல நாசில் 200 பார் சுத்தி திறக்கும், புது வண்டியோட காமன் ரெயில்ல (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாய்ல அழுத்தமா டீசல் வச்சு கொடுக்குற அமைப்பு) 1,600 பாருக்கு மேல, அதனால டீசல் பொடிப்பொடியா பிரிஞ்சு முழுசா எரியுது. ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு, பழைய பம்ப் கொஞ்சம் தண்ணி கலந்த டீசலை திட்டிக்கிட்டாவது தாங்கும், காமன் ரெயில் ஒரு சொட்டு தண்ணியை மன்னிக்காது. பேரல்ல டீசல் வச்சு ஊத்தறவங்க புது வண்டி வாங்கினா முதல்ல அந்த பேரலை மாத்துங்க.

லேசான வேலைக்கு எந்த வண்டியிலயும் ஒரு கியர் ஏத்தி ஆக்சிலேட்டரை குறைச்சு ஓட்டுங்க, டீசல் நிஜமா மிச்சமாகும். பி.டி.ஓ. வேலைக்கு இது பொருந்தாது, 540-இ (இன்ஜின் சுத்து கம்மியா இருக்கும்போதே பி.டி.ஓ.வை 540-ல ஓட்டுற வசதி) இருக்க வண்டியைத் தவிர.

கேள்வி: என் பழைய வண்டியை நானே பிரிச்சு மாட்டுவேன். புது வண்டிக்கு ஒரு சென்சார் போனாக்கூட லாப்டாப்போட ஆள் வரணும். இது நம்மளை கம்பெனிக்கு அடிமையாக்கறது இல்லையா?

பதில்: இந்த கோபம் உங்களுக்கு மட்டும் இல்ல. அமெரிக்காவுல இது பெரிய போராட்டமாவே ஆச்சு, 2023 ஜனவரியில ஜான் டீர் கம்பெனி அங்க விவசாயிகள் சங்க கூட்டமைப்போட ரிப்பேர் வசதி பத்தி ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு, அதே வருஷம் கொலராடோ மாநிலம் விவசாய மெஷினை ரிப்பேர் பண்ற உரிமைக்கு சட்டம் போட்டு 2024 ஜனவரி 1-லேந்து அமலுக்கு கொண்டு வந்துச்சு, 2025 ஜனவரியில அமெரிக்க வர்த்தக ஆணையம் டீர் மேல கேஸே போட்டுச்சு. என் கருத்தை கேட்டா, சென்சார் வர்றதுல எனக்கு வருத்தமே இல்ல, ஒரு எரர் கோட் சரியா படிக்க தெரிஞ்சா அரை நாள் தேடுற வேலை அஞ்சு நிமிஷத்துல முடியுது. அந்த கோடை படிக்குற மெஷினை காசு கொடுத்து வண்டி வாங்கினவர் கையில கொடுக்க மாட்டேங்கறதுதான் தப்பு. புதுசு வாங்க போறவங்க ஷோரூம்ல மைலேஜ் கேக்கறதுக்கு முன்னாடி இதை கேளுங்க: கோடை நானே படிக்கலாமா, சென்சார் மாத்தினா லாப்டாப் போடாம வண்டி ஏத்துக்குமா, சீசன்ல கூப்பிட்டா ஆள் எத்தனை மணி நேரத்துல வருவார்?

ஒரு கூடுதல் விஷயம், புது வண்டியில வெல்டிங் வைக்கறதுன்னா பேட்டரி கழட்டிட்டு இ.சி.யூ. (வண்டியோட கம்ப்யூட்டர்) கனெக்டரையும் பிடுங்கிட்டுதான் வைக்கணும். பழைய வண்டி பழக்கத்துல அப்படியே எர்த் மாட்டி அடிச்சா மெயின் கம்ப்யூட்டர் போயிடும்.

கேள்வி: பழைய வண்டி பாக்க போறேன். எதையெல்லாம் பாக்கணும்?

பதில்: காலையிலயே போங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடி இன்ஜினை சூடு பண்ணி வைக்காம இருக்கணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் இன்ஜின் மேல கை வைங்க, சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்க. இன்ஜின் ஆறி குளிர்ந்து இருக்கும்போது எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பாத்தாலே கம்ப்ரஷன் கதை பாதி தெரிஞ்சுடும். ஓடவிட்டு ஆயில் ஊத்துற மூடியை திறங்க, புஸ்சு புஸ்சுன்னு புகை வேகமா வந்தா ரிங், லைனர் போச்சு. ரேடியேட்டர்ல குமிழி வந்துகிட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட். கியர்பாக்ஸ் ஆயிலை கொஞ்சம் எடுத்து பாருங்க, பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி இறங்கியிருக்கு.

அப்புறம் இருக்கறதுலயே கனமான கருவியை மாட்டி தூக்கிட்டு இன்ஜினை நிறுத்திடுங்க. கொஞ்ச நேரம் பேசிட்டு நில்லுங்க, அது கண்ணு முன்னாடியே கீழ இறங்கினா லிஃப்ட் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கு. ஓட்டி பாக்கும்போது ஒவ்வொரு கியர்லயும் லோடு கொடுத்து பாருங்க, அந்த கியர் தானா நழுவினா செலவு பெருசு. பிரேக்கை இடது வலது தனித்தனியா மிதிச்சு பாருங்க. ரொம்ப பழைய வண்டியோட கிளட்ச், பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பிரிக்கும்போது காத்தடிச்சு தூசியை பறக்க விடாதீங்க, ஈரத்துணியில துடைச்சு எடுங்க. புது பெயிண்ட் அடிச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும், ஆயில் கசிவோட தழும்பு தெரியற வண்டியை நம்பறது சுலபம்.

செகண்ட் ஹேண்ட்ல எலக்ட்ரானிக் வண்டி பாக்கறதுன்னா இதோட சேர்த்து பழைய எரர் கோட் வரலாறையும் லாப்டாப்ல எடுத்து காட்ட சொல்லுங்க, முடியாதுன்னா திரும்பி வந்துடுங்க. ஹவர் மீட்டரை நம்பாதீங்க, பெடல் தேய்மானத்தை நம்புங்க.

கேள்வி: என் பையன் பழைய வண்டியில ஜி.பி.எஸ். ஆட்டோ ஸ்டியரிங் மாட்டணும்ங்கறான். பழசுல அதெல்லாம் வேலை செய்யுமா அண்ணே?

பதில்: செய்யும், பையன் விவரமாத்தான் கேக்கறான். ஸ்டியரிங்கை கழட்டிட்டு மோட்டர் வச்ச ஸ்டியரிங்கை மாட்டுற கிட் இருக்கு, பவர் ஸ்டியரிங் இருக்க வண்டியா இருந்தா பெரிய சிரமம் இல்ல. ஆர்.டி.கே. (ஜி.பி.எஸ். பிழையை திருத்தி அனுப்புற) சிக்னல் இருந்தா 2, 3 சென்டிமீட்டர் துல்லியத்துல சால் பிடிக்கும், மருந்து, விதை ஒண்ணு மேல ஒண்ணு விழாது. ஆனா அதை மாட்டறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்ல எவ்வளவு ஆட்டம் இருக்குன்னு பாருங்க. டை ராட் எண்டு, முன் ஆக்சில் சென்டர் பின், புஷ் எல்லாம் தேஞ்சு ஸ்டியரிங் கால் சுத்து சும்மா ஆடுதுன்னா மோட்டர் இடது வலதுன்னு அலைஞ்சுட்டே இருக்கும், சால் பாம்பு மாதிரி வரும், அப்புறம் ஜி.பி.எஸ். சரியில்லன்னு சொல்வீங்க. முதல்ல அந்த புஷ்சையும் பின்னையும் மாத்துங்க, பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் 12 வோல்ட் சீரா கொடுக்குதான்னு பாருங்க (டைனமோ வச்ச 6 வோல்ட் வண்டின்னா கரண்ட் வேலை முதல்ல முடிக்கணும்), அதுக்கப்புறம் பையனை கிட்டுக்கு ஆர்டர் போட சொல்லுங்க.